ஒரு பெட்டி மாம்பழமும் ஒரு வழக்கும்

என் கணவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் பாதி பேப்பரால் வந்தவை. கனடாவில், ரெக்ஸ்டேல் பகுதியில் நாங்கள் வாங்கிய ட்ரைகிளீனிங் கடையின் பேஸ்மென்ட்டில், பழைய முதலாளியான இத்தாலியக் கிழவர் பில்லும் கணக்குமாக மூன்று பெட்டி பேப்பரை விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்த இடம் ஹாங்கர் வைக்கத் தேவை. எறியுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

“உது ஒராளின்ர பேப்பரப்பா. எறியக்கூடாது,” என்பார் என் கணவர்.

ஊரில் இடம்பெயர்ந்து ஓடியபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் அவர். தான் பிறந்தது உண்மைதான் என்று கனடாவில் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டி வந்தது. அன்று பிடித்த பேப்பர் பைத்தியம். மரக்கறி வாங்கிய ரசீதுத் துண்டுக்கும் எங்கள் வீட்டில் ஃபைல் உண்டு. ஒருநாள் பொறுமை போய், அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெட்டியைக் கடையின் பின்பக்கக் குப்பைத் தொட்டியருகே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டேன்.

ஊரில் போர் முடிந்த வருடத்தின் தொடக்கத்தில் கட்டடக் கடனைப் புதுப்பிக்கப் போனோம். வங்கி மண்ணைப் பரிசோதிக்கச் சொன்னது. பின்பக்கத்தைத் துளைத்துப் பார்த்தார்கள். கிழவரின் காலத்தில் உடுப்புச் சுத்தம் செய்த திரவம் நிலத்துக்குள் இறங்கி அப்படியே கிடந்தது. அதை அகற்றும் செலவு கட்டடத்தின் விலையைவிட அதிகம். அகற்றாவிட்டால் கடன் இல்லை. கடை போகும், அதற்கு ஈடு வைத்த, அஜக்ஸ் நகரில் நாங்கள் குடியிருந்த வீடும் போகும்.

எங்கள் வழக்கறிஞர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“அங்கிள், உங்கட இப்பத்தைய இன்சூரன்ஸ் மண் பழுதானதுக்குக் காசு தராது. ஆனா அந்தக் காலத்துப் பொலிசியள்ல அப்பிடித் தடை இல்லை. டமேஜ் எந்த வருஷம் நடந்ததோ, அந்த வருஷத்துப் பொலிசிதான் பதில் சொல்லவேணும். பழைய ஓனரின்ர பொலிசி கிடைச்சா நாங்கள் தப்பினம்.”

பேஸ்மென்ட்டில் மிஞ்சியிருந்த இரண்டு பெட்டிகளையும் கொட்டிக் கிளறினோம். வாடிக்கையாளர்களின் உடுப்பு ரசீதுகள், மின்சார பில்கள், ஒரு பாப்பரசரின் படம். பொலிசி மட்டும் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“மற்றப் பெட்டியை நான்தான் எறிஞ்சனான்.”

“தெரியும்,” என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். “அண்டைக்கே எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக் கராஜுக்குள்ள வைச்சிட்டன்.”

அந்தப் பெட்டியில், பழுப்பு உறைக்குள், வருடத்துக்கு ஒன்றாகப் பொலிசிகள் இருந்தன. சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்தேன். கோபமும் வந்தது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே எப்படி வாய் திறக்காமல் இருந்தார்!

ஆனால் கிழவர்மீது வழக்குப் போட்டால்தான் அவருடைய இன்சூரன்ஸ் கம்பனி அசையும் என்றாள் வழக்கறிஞர். இவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

“கடைத் திறப்பைக் கையில தந்த அண்டைக்குக் கோப்பி போட்டுத் தந்த மனுசன். அவரைக் கோட்டுக்கு இழுக்கிறதோ?”

“அவற்ற காசு ஒரு சதமும் போகாது அங்கிள்.”

கடைசியில் சம்மதித்தார். ஆனால் அந்நியன் ஒருவன் போய்க் கதவைத் தட்டி வழக்குப் பேப்பரை நீட்டக்கூடாது, நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றார். வெறுங்கையோடு எப்படிப் போவது? வழியில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினார். கொடுக்கப்போவது வழக்கு, அதற்கு மாம்பழமா என்று காருக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அது மே மாதம். கிழவர் குடியிருந்த விட்பிக்குப் போகும் வழியெல்லாம் தமிழ் வானொலி போர் முடிந்த செய்தியையே சொல்லிக்கொண்டிருந்தது. போர் நடந்த வன்னியில் நின்ற என் கணவரின் தம்பியிடமிருந்து பல வாரங்களாகத் தகவல் இல்லை. நான் திட்டியதே அந்த வானொலியை அவர் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான்.

கிழவர் வழக்குப் பேப்பரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார். வருடம் தவறாமல் அவர்களுக்குக் காசு கட்டினேன், ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, இப்போது கொஞ்சம் வேலை செய்யட்டும் என்றார். மாம்பழத்தை வெட்டச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் சனம் இங்கே வீதியில் இறங்கிப் போராடுவதை டிவியில் பார்த்தேன், ஊரில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் கணவர், தான் வழக்குப் போட்ட கிழவரின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கிழவர் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் மாம்பழத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கிழவரின் இன்சூரன்ஸ் கம்பனி இதற்கிடையில் இரண்டு தரம் கைமாறி, பெயரும் மாறியிருந்தது. அப்படியொரு பொலிசியே தெரியாது என்று முதலில் சாதித்தார்கள். பிரதியை அனுப்பிய பிறகு சுருதி குறைந்தது. இலையுதிர் காலத்தில், செலவை ஏற்கிறோம் என்று கடிதம் வந்தது. நான் வழக்கறிஞரின் கந்தோரிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

“அப்ப பிள்ளை, எத்தினை வருஷம் போனாலும், ஆக்கள் மாறினாலும், பேப்பர் இருந்தால் பதில் சொல்லத்தான் வேணுமோ?”

“ஓம் அங்கிள், இந்த விஷயத்தில அப்பிடித்தான்,” என்றாள் அவள்.

கடையின் பின்பக்கத்தைத் தோண்ட இயந்திரம் வந்த நாளன்று அவர் புது ஃபைல் ஒன்று வாங்கிவந்தார். அன்றுவரை தகவலே இல்லாத தம்பியின் முழுப் பெயர், கடைசியாகக் கதைத்த தேதி, அப்போது அவன் நின்ற இடம், கூட நின்றவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்தும் போட்டார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“இதை வேற இடத்தில வையப்பா. ஒண்டு துலைஞ்சாலும் மற்றது இருக்கும்.”

வாங்கிக்கொண்டுபோய் என் தாலிக்கொடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.