எந்தக் கையால் கொடுப்பது

கற்பூரப் பொட்டலத்தை நீட்டிய அந்த இடது கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பழக்கிவிட்டவள் நான் என்ற பெருமையோடு கடையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமி மாலை, கிரிவலப் பாதையில் கூட்டம் தொடங்கியிருந்தது. எதிரில் நின்றவர் வாங்கக் கை நீட்டவில்லை. "சாமிக்குப் போற பொருளு. சோத்தாங்கையில குடும்மா" என்றார். கடைக்காரம்மா பொட்டலத்தைப் பலகைமேல் வைத்தார். அதையும் தொடாமல் அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். மறுநாள் முதல் அந்தக் கடை திறக்கவில்லை.

அடி அண்ணாமலையில் கற்பூரமும் ஊதுபத்தியும் விற்றுவந்தவர் கடைக்காரம்மா. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகளை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக அங்கே இருந்தேன். அவருக்குக் கால் தேறியது. வலது கை முழுதாகத் தேறவில்லை. தோளை அசைக்க முடிந்தது, விரல்கள் மடங்கியே கிடந்தன. பாடத்தில் படித்தபடி இடது கையைப் பழக்கினேன். பெருக்க, சாப்பிட, கடையில் பொருளை எடுத்துக் கொடுக்க. கொடுப்பதற்கு மட்டும் அவர் முரண்டு பிடித்தார்.

"பீச்சாங்கையில குடுத்தா யாரும்மா வாங்குவாங்க? எனக்கே மனசு ஒப்பலியே."

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சும்மா. எந்தக் கையா இருந்தா என்ன?"

இதைச் சொன்னவள் பக்கத்திலேயே வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்தவள். குங்குமம் வாங்க இடது கையை நீட்டியதற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கியவள். இன்றுவரை யாரிடமும் எதையும் இடது கையால் வாங்காதவள். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் எனக்கு அதெல்லாம் எப்படி மறந்துபோனது? அந்த வாடிக்கையாளர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது. எங்கள் துறைத் தலைவரோ, பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்று படிவத்தில் கடைக்காரம்மாவுக்கு முழு மதிப்பெண் போட்டு, கோப்பை மூடச் சொல்லியிருந்தார். கடை மூடிக் கிடந்த இரண்டு மாதமும் அந்தக் காகிதத்தில் அவர் குணமானவராகவே இருந்தார்.

பிறகு ஒருநாள் கடை திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரம்மா இடது கையால் மடங்கிய விரல்களைப் பிரித்து, பொட்டலத்தை வலது உள்ளங்கையில் வைத்தார். பிறகு அந்தக் கையை இடது கையால் கீழே தாங்கி, தோளை முன்னே கொண்டுவந்து நீட்டினார். பெரியவர்களுக்கு நாம் எதையாவது கொடுப்போமே, அதே மாதிரி. வாங்கிய பெண்ணும் தன்னையறியாமல் இரண்டு கையையும் ஏந்தினாள். மாதக்கணக்கில் நான் மடியில் கிடக்கவிட்ட கைக்கு அவர் வேலை கொடுத்திருந்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மறுபரிசோதனைக்கு அழைத்துப் போய்த் துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் அரை நிமிடம் பார்த்தார். "ஒரு கைய இன்னொரு கை தாங்குது. நேரமும் ஜாஸ்தி ஆகுது. மார்க்க கம்மி பண்ணிடுங்க" என்றார். கடை மூடியபோது முழு மதிப்பெண். கடை நடக்கும்போது குறைவு. நான் வாதாடியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் கையாலேயே அடித்து எழுதினேன்.

இப்போது அங்கே நான் வேலையில் இல்லை. நோயாளிகளின் வீடுகளுக்கே போகிறேன். யாருக்கு, எதை, எந்தக் கையால் கொடுப்பீர்கள் என்று கேட்ட பிறகுதான் அவர்களின் கையைத் தொடுகிறேன். அந்தப் படிவத்தில் இன்றும் இப்படி ஒரு கேள்வி கிடையாது.

மதிப்பெண்ணைக் குறைத்த அன்று மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"மார்க்கு கொறஞ்சா கடைய மூடச் சொல்லுவாங்களாம்மா?"

"இல்லங்கம்மா."

"அப்ப வுடுங்க."

அவர் விட்டுவிட்டார். என்னால் இன்னும் முடியவில்லை.