மீன்கள் சோறு எடுக்காத அமாவாசை

கோட்டூர்புரத்தில் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு நீர்நிலை இருக்கிறது. வீடு விற்றவர்களின் விளம்பரத்தில் அது 'தனியார் ஏரி'. குடியிருப்பவர்களுக்குக் குளம். செங்கல்லுக்காக மண் வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி உண்டானது என்று சொல்வார்கள். நான்கு பக்கமும் நான்கு பிளாக்குகள். எல்லா பால்கனிகளும் தண்ணீரைப் பார்த்தபடி இருப்பதால் படித்துறையில் யார் இறங்கினாலும் எல்லோருக்கும் தெரியும். மீன்களுக்கும் தெரியும். படியில் நிழல் விழுந்ததும் நடுக்குளத்தில் தண்ணீர் கறுக்கும். அந்தக் கறுப்பு மெல்ல நகர்ந்து நிழலை நோக்கி வரும். குடிவந்த புதிதில் அதைப் பார்த்து நான் இரண்டு படி பின்வாங்கியிருக்கிறேன்.

என் தொழில் தண்ணீரைச் சோதிப்பது. அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. அது தெரிந்த வாரமே என்னைக் குளக் கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வெப்பநிலை, அடுத்து கார அமிலத் தன்மை, அடுத்து தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், கடைசியாகக் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது. இந்த வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது.

கமிட்டித் தலைவர் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு மாமா. வாழ்நாளில் மீனை வாயில் வைத்ததில்லை. ஆனால் கட்லா எது, ரோகு எது, எந்த மீனுக்கு வால் கிழிந்திருக்கிறது என்று பால்கனியிலிருந்தே சொல்வார். "நான் சாப்பிடறதில்லே பாரு, அதனாலதான் கணக்கு சரியா இருக்கு" என்பார். பம்பு, மின்சாரம், சுண்ணாம்பு தெளிப்பது, கோடையில் வலை இழுக்க ஆள் கூட்டிவருவது எல்லாம் பராமரிப்புக்காரர் பொறுப்பு. மந்தைவெளிக்காரர், எந்நேரமும் காதில் ஒரு பீடி.

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்திதான். நவம்பரில் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு ஜெபம் சொல்லிவிட்டு வருவோம். சோறு கிடையாது. அதனால் குளத்தில் நடப்பது எனக்குப் புதிது. அமாவாசைக்குக் கடற்கரையிலும் கோயில் குளத்திலும் கூட்டம் தாங்கவில்லை என்று யாரோ ஒருவர் எங்கள் படித்துறையிலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்து, எள் கலந்த சோற்று உருண்டையைக் குளத்தில் விட்டிருக்கிறார். மீன்கள் பாய்ந்து வந்து எடுத்திருக்கின்றன. அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. உருண்டை மறைந்ததும் "அப்பா வந்துட்டார்" என்பார்கள். சிலர் "சௌக்கியமா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டும்விடுவார்கள். வால் கிழிந்த பெரிய கட்லாவுக்கு டி பிளாக் தாத்தா என்றே பெயர். பள்ளிக்கூட வேனில் ஏறும் பிள்ளைகள் அதற்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள்.

இதனால் ஒரு சண்டையும் வந்தது. கோடையில் வலை இழுத்தால் பிடிபடும் மீனைச் சாப்பிடுகிற வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். என் அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. வாய் சும்மா இருக்காது. லிஃப்டில் டி பிளாக் அம்மாளிடம், "போன வாரம் உங்க மாமனாரைத்தான் நாங்க குழம்பு வச்சோம். முள்ளு ஜாஸ்தி" என்றாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அந்த ஆண்டிலிருந்து, பிடித்த மீனை வெளியே விற்றுவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது அண்ணாச்சியைப் பற்றி. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கள் பிளாக்கில் தரைத்தளம். சென்ற ஆண்டின் மகாளய அமாவாசை, அவர் மனைவி இறந்து ஆண்டுத் திதி முடிந்தபின் வந்த முதல் மகாளயம். அந்த அம்மாள் நோயில் படுத்த கடைசி மாதத்தில் அவர் கையால் ஒரு வாய்கூட வாங்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அதை அண்ணாச்சி லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களிடமும் சொல்வார், காய்கறி வாங்கும்போதும் சொல்வார். ஏன் திருப்பினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அமாவாசையன்று குளத்தில் வைத்தால் வாங்குவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாளும் இறந்தவர்களுக்கானவை. தினமும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சோறு இறங்கியது. அந்த ஆண்டு வானமும் திறக்கவே இல்லை. மழை பெய்யாமல், வெயிலும் இல்லாமல், சாம்பல் நிற மூடாக்கு. எனக்குப் பிடிக்கவில்லை. குளத்தின் பச்சைப்பாசி வெயிலில்தான் ஆக்சிஜன் தரும், இருட்டில் அதுவே அதை எடுத்துக்கொள்ளும். அடியில் மட்கும் சோறும் எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். அதற்காகத்தான் நடுக்குளத்தில் ஏரேட்டர் மிதக்கிறது. தண்ணீரைக் குமிழ்குமிழாகக் கிளறிக் காற்றை உள்ளே அனுப்பும் பம்பு. என்னைத் தவிர எல்லோருக்கும் அது 'கொதிக்கிற மிஷின்'. சோற்றைக் குறையுங்கள் என்று குடியிருப்பின் வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். நிறைய கும்பிடும் கைகள் பதிலாக வந்தன. சோறு குறையவில்லை.

அமாவாசை காலையில் படித்துறை நிறைய ஆட்கள். வேட்டி, ஈரத் துண்டு, வாழை இலைத் துண்டுகள். முதல் உருண்டை விழுந்தது. தண்ணீர் கறுக்கவில்லை. உருண்டை கரைந்து எள் தனியாக மிதந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது. யாரோ கை தட்டினார்கள், யாரோ படியில் காலால் தட்டினார்கள். குளம் கண்ணாடி போட்டு மூடியதுபோல் கிடந்தது. அத்தனை பேர் நின்றிருந்தும் இருமல் சத்தம்கூட இல்லை. பறக்கும் ரயில் போகிற ஓசை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

பிறகு ஒவ்வொருவராக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இலையை மடித்துக்கொண்டு படியேறிப் போனார்கள். பால்கனிக் கதவுகள் சாத்தப்படும் ஒலி சுற்றிலும் கேட்டது.

அண்ணாச்சி மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பித்தளைத் தூக்கு.

"எடுக்க மாட்டேங்கா தாயி."

"யாருக்குமே எடுக்கல அண்ணாச்சி."

"மத்தவங்களுக்கு எடுக்கலன்னா எனக்கென்ன? இவ எடுக்கலல்லா. அப்பயும் மூஞ்சியத் திருப்புனா, இப்பயும் திருப்புதா."

இன்னொரு கைப்பிடிச் சோற்றை இறைத்தார். நான் ஆக்சிஜன் மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் இறக்கினேன். எண் இறங்கி இறங்கி, மீன்கள் இரையை வெறுக்கிற அளவுக்கும் கீழே போய் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து ஏதோ குறைகிறது என்று தோன்றியது அமாவாசையின் அமைதியால் அல்ல. மிஷின் ஓடவில்லை.

பராமரிப்புக்காரரைத் தேடிப் பிடித்தேன். "இன்னாம்மா பண்ண சொல்ற? பெரியவரு நிறுத்த சொன்னாரு, நிறுத்திகினு கீறேன். பதினஞ்சு நாளா விடிகால ஆஃப்புதான். எல்லாம் சாமி கும்புட்டு போனப்புறம் போடுவேன்."

மாமா மறைக்கவில்லை. "எல்லாரும் வந்து கேட்டா. அது கொதிச்சுண்டே இருந்தா மீன் எடுத்துதா இல்லியான்னு எப்படித் தெரியும்? பார்க்கறதுக்குத்தானே அவா வரா?"

"மாமா, மீன் மூச்சு விடறதுக்கே அது ஒண்ணுதான் துணை. அதுவும் விடியற நேரத்துல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நம்ம பெரியவா யாரும் கோச்சுக்கலேங்கறே."

"கோபம் இல்ல மாமா. மூச்சு முட்டுது."

அவர் முகம் தெளிந்ததைவிட, நான் சொன்ன கடைசி வார்த்தை என்னையே என்னவோ செய்தது. அதை நான் மீன்களைப் பற்றித்தான் சொன்னேன். அவர் அப்படிக் கேட்டுக்கொண்டாரா, தெரியாது.

அன்று பகல் முழுக்க மிஷின் ஓடியது. இரவும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் அண்ணாச்சியிடம் காரணத்தை விளக்கினேன். தலையசைத்துக் கேட்டார். "உன் மிஷினுக்கு எல்லாம் தெரியும் தாயி. அவளத் தெரியாதுல்லா" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குமுன் பால்கனியிலிருந்து பார்த்தபோது, குக்கரோடு படியில் நின்று சோற்றைக் குளத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போவதற்குள் முடித்துவிட்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தது. எது எழுப்பியது என்று படுத்தபடியே யோசித்தேன். எதுவும் எழுப்பவில்லை. சத்தம் இல்லாததுதான். செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கினேன்.

முதலில் ஒலிதான் வந்தது. இருட்டு விலகாத குளத்திலிருந்து, உதடுகள் ஒட்டிப் பிரிகிற ஒலி. நிறைய பேர் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுப்பதுபோல். சாம்பல் வெளிச்சம் கூடக் கூட, நீர்ப்பரப்பு முழுவதும் வட்டம் வட்டமாக ஏதோ தெரிந்தது. வாய்கள். கட்லாவின் மேல்நோக்கிய அகல வாய், ரோகுவின் சிறிய வாய், ஜிலேபிக் கெண்டையின் பொடி வாய்கள். உடல் எதுவும் தெரியவில்லை. வாய்கள் மட்டும் திறந்து, மூடி, திறந்து. அண்ணாச்சி நின்ற படியருகே அவை ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நின்றன. எல்லாம் அவரைப் பார்த்து.

அவர் முழங்காலளவு தண்ணீரில் நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"வந்துட்டால்லா! பாத்தியா தாயி? மிஷின நிறுத்துனதும் வந்துட்டா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா."

கைநிறைய சோற்றை எடுத்து விட்டார். பருக்கைகள் வாய்களுக்கு நடுவே மிதந்தன. ஒரு வாய் திறந்தபோது நாலைந்து உள்ளே போயின. மூடித் திறந்தபோது அவையே வெளியே வந்தன. மீண்டும் உள்ளே, மீண்டும் வெளியே.

சுவிட்சுப் பெட்டி அவருக்குப் பின்னால் படிச்சுவரில் இருந்தது. நான் அதை நோக்கி நகர்ந்ததும் கையை விரித்து மறித்தார்.

"தொடாத. போட்டேன்னா போயிருவா. கேக்கா தாயி, வாயத் தொறந்து கேக்கா. இம்புட்டு நாளும் கேக்காதவ."

அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். வயதானவர், பாசி வழுக்கும் படி. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அந்த வாய்களுக்கு நடுவே அவர் அவ்வளவு நிம்மதியாக நின்றார்.

"அண்ணாச்சி, சோத்தப் பாருங்க. உள்ள போயிட்டு அப்படியே வெளிய வருது. அதுங்க கேக்கல. தண்ணிக்குள்ள காத்து இல்ல. மூச்சுக்குத் தவிச்சு மேல வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா எல்லாம் செத்துரும்."

அவர் குனிந்து பார்த்தார். காலருகே டி பிளாக் தாத்தா இருந்தது. அதன் வாய்க்குள் ஒரு பருக்கை போய்த் திரும்பி வருவதைப் பார்த்தார். இன்னொரு முறை. விரித்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"இப்பிடித்தான்" என்றார். குரல் வேறாகியிருந்தது. "கடைசி நாளு இப்பிடித்தான் தொறந்து தொறந்து மூடுனா. மாசம் பூரா திருப்பிக்கிட்டவ, இன்னைக்குத்தான் கேக்கான்னு நான் சந்தோசமா கஞ்சிய..."

திரும்பிப் படியேறி, பெட்டியைத் திறந்து, அவரே சுவிட்சைப் போட்டார்.

நடுக்குளம் இருமிவிட்டுக் கொதிக்கத் தொடங்கியது. சற்று நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு வாய்கள் படியை விட்டுத் திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, எல்லாம் சேர்ந்தாற்போல் அவருக்கு முதுகைக் காட்டிக் குமிழ்களை நோக்கி நகர்ந்தன. அண்ணாச்சி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

பெரிய மீன்களுக்குத்தான் மூச்சு முதலில் முட்டும். ஓரத்தில் வெள்ளை வயிறுகளாக ஒதுங்கியவற்றை நானும் பராமரிப்புக்காரரும் வலைக்கரண்டியால் அள்ளினோம். டி பிளாக் தாத்தாவும் இருந்தது. மாமா அதன் கிழிந்த வாலைப் பார்த்து, "இது வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சுண்ணாம்பு தூவித் தென்னையடியில் புதைத்தோம். பால்கனிகளில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். என் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன்பின் மிஷினை எதற்காகவும் நிறுத்துவதில்லை என்று கமிட்டியில் முடிவானது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டும் போட்டோம். சாவி என்னிடமும் அண்ணாச்சியிடமும் இருக்கிறது. அவர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது மின்சாரம் போய் ஒரு நிமிடம் அந்தச் சத்தம் நின்றாலும் நான்கு பிளாக்கிலும் பால்கனிக் கதவுகள் திறக்கின்றன. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் வரை அவை மூடுவதில்லை. எல்லோரும் நீர்ப்பரப்பையே பார்க்கிறோம்.

இந்த ஆண்டு மகாளய அமாவாசையும் மூடாக்குதான். ஒரு வீட்டுக்கு ஓர் உருண்டை என்று பேசி வைத்திருந்தோம். நான் மீட்டரோடு படியில் இருந்தேன். அண்ணாச்சி இலையோடு இறங்கினார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் கலங்கி அலையடித்தது. உருண்டையை விட்டார். அது குமிழ்களுக்கு நடுவே போனது. அதன் பின் என்ன ஆனது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டுப் படியேறத் தொடங்கினார்.

"பாக்கலையா அண்ணாச்சி?"

நின்றார். குளத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"காத்து இருக்கா?"

"இருக்கு. நல்லா இருக்கு."

"அது போதும் தாயி. மூச்சு விட்டாப் போதும்லா. சாப்பிட்டா சாப்பிடட்டும், சாப்பிடலன்னா போகட்டும்."