கஸ்தூரிக்குப் போட்ட முட்டை

நாலு புத்தகம் படித்த திமிர் ஒருவனை என்ன செய்யும் என்று கேட்டால், என்னைத்தான் காட்டுவேன். அறுபதுகளில் கடலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். சிதம்பரத்தில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் மாசி மகத்தன்று கால் நனைக்கும் இடம், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஒரு சிறுகதை. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி மூன்று நாள் கரையிலேயே அழுதுகொண்டு நிற்கிறாள். 'ஏன் நின்றாள்?' என்று பரீட்சையில் கேட்டேன். எல்லோரும் 'அன்பின் ஆழம்' என்று எழுத, மீனவக் குப்பத்துக் கஸ்தூரி மட்டும், 'நிற்க மாட்டாள். ஆள் போன வீட்டுக்கு மற்ற படகுக்காரர்கள் பங்கு மீன் தருவார்கள். அதை விற்கப் போயிருப்பாள்' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! முட்டை போட்டு, அவள் விடையை வகுப்பில் உரக்க வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கதை எழுதுனவர விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ?"

"எங்கம்மாவுக்குத் தெரியும் சார்."

மறுநாள் அந்த அம்மாள் மீன்கூடையோடு பள்ளி வாசலில் நின்றாள்.

"எம் புருசன் கடல்ல போன மறுநாளே கூடை தூக்குனேன் சார். ஏன் அழுவலன்னு குப்பத்துல ஒருத்தரும் கேக்கல. நீங்க யாரு முட்ட போட?"

"மார்க்கைத் திருத்திடுறேம்மா."

"மார்க்கு கெடக்குது. சிரிச்ச புள்ளைங்க முன்னால திரும்பப் படிங்க."

படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் நாள் சிரித்ததும் அவர்கள் குற்றமில்லை. சிரிப்பு வரும்படி நிறுத்தி நிறுத்தி, முகத்தைக் கோணிக்கொண்டு வாசித்தவன் நான். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.