கொழும்புக்குப் போன புலி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறுத்தைக்கு முன்னால் நின்றுகொண்டு, எட்டு வயதுப் பிள்ளையிடம் பச்சைப் பொய் சொன்னேன். சிறுத்தை கண்டுகொள்ளவில்லை. பிள்ளை கண்டுகொண்டது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்களில் பாதிப் பேர் பிள்ளையின் பக்கம் போய்விடுவீர்கள். முழுக்கக் கேட்டாலும் அங்கேதான் போவீர்கள்... அது வேறு விஷயம்.

என் தங்கச்சி புஷ்பா டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறைதான் வருவார். மூத்தவள் தர்ஷினிக்கு எட்டு வயது, சின்னவன் கவினுக்கு ஐந்து. நான் ஹட்டன் டவுனில் உட்கார்ந்து வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குப் புத்தி சொல்கிறேன். மாதம் இரண்டு தடவை டயகமவுக்குப் போய் அவர்களுக்கும் புத்தி சொல்லிவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவேன். பெரியம்மா என்றால் வேறென்ன வேலை?

புஷ்பா வீட்டில் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. பெயர்தான் டைகர் — ஒரு கோழி எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயந்தரம், லயத்து வரிசை வீட்டு வாசலில் படுத்திருந்த அந்த அப்பாவியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போய்விட்டது. எங்கள் பக்கம் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வோம். தர்ஷினி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. புஷ்பா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. தாய் வேலைக்குக் கிளம்பியதும் பிள்ளை லயத்து முனையிலிருக்கும் பெரிய கல்லில் ஏறி, மலையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்குமாம். ஒரு வாரம் இப்படியே போனதும் எனக்கு ஃபோன் வந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. (எனக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும், அதுதான் என் வியாதி.) பள்ளிக்கூடத்துக்கு அஞ்சாம் நம்பர் தேயிலை மலையைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். புலியும் அந்தப் பக்கம்தான் திரிகிறது. பிள்ளை பயப்படாதா?

போனேன். பிள்ளையை மடியில் உட்காரவைத்து ஒரே போடாகப் போட்டேன். புலியைப் பிடித்தாகிவிட்டது, கூண்டில் ஏற்றிக் கொழும்பு மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். பொய் என்றாலும் எனக்குக் கொஞ்சம் அலங்காரம் வேண்டும். அதனால் லாரியின் நிறத்தையும் சொல்லிவைத்தேன். பச்சை.

"திரும்பி வராதா பெரியம்மா?"

"வரவே வராது. பூட்டுப் போட்டாச்சு."

மறுநாள் காலை பிள்ளை யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு தானாகப் பள்ளிக்கூடம் போனது. நான் ஹட்டனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். புஷ்பா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள் — "அக்கா, நீங்க சொல்லிட்டீங்க. நாளைக்கு அவ கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

கேட்டாள். அடுத்த வாரமே கேட்டாள். நம்ம புலியைப் பார்க்கக் கொழும்புக்கு எப்போது போவது என்று ஒவ்வொரு ஃபோனிலும் கேட்டாள். மழை, காய்ச்சல், வேன் கிடைக்கவில்லை என்று நானும் இருக்கிற சாக்கையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். கடைசியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புலிக்குப் புலி என்ன வித்தியாசம்? எல்லாவற்றுக்கும் புள்ளிதானே? ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டால் போச்சு.

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே வேன் ஏறினோம். புஷ்பாவின் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, சாயந்தரம் கடை வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொழும்பில் இறங்கியபோது நாலு பேரும் ஸ்வெட்டர், கவின் தலையில் கம்பளித் தொப்பி. டிக்கெட் கிழித்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் ஒருமுறை வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

தோட்டத்து ஆட்களோடு மிருகக்காட்சிச்சாலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். குரங்குக் கூண்டைப் பார்த்ததும் புஷ்பா அனிச்சையாகக் கல் தேடினாள். காட்டுப்பன்றிக்கு முன்னால் நின்று முறைத்தாள். அவளுடைய கிழங்குப் பாத்தியை மூன்று தடவை தோண்டிய சாதி அது. இதை வேலிக்கு உள்ளே வைத்துச் சோறு போடுகிறார்களே, இதைப் பார்க்க நாம் வேறு டிக்கெட் எடுத்திருக்கிறோமே என்று வாய் ஓயாமல் புலம்பினாள். ஒட்டகச்சிவிங்கி ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. "இவ்வளவு நீளக் கழுத்து இருந்தா மலை ஏறாம கீழே நின்னுக்கிட்டே கொழுந்து எடுத்துரலாம் அக்கா" என்றாள்.

தர்ஷினி எதையும் நின்று பார்க்கவில்லை. யானையையே ஒரு நிமிடம்தான் பார்த்தாள். "புலி எங்க பெரியம்மா?"

ஒரு வளைவில் சிறுத்தைப் படம் போட்ட போர்டு. அதைப் பார்த்ததும் புஷ்பா நின்றாள். பிள்ளைகள் இரண்டையும் கையால் பின்னுக்குத் தள்ளினாள். அப்புறம்... எப்படிச் சொல்வது? உரத்து மூன்று தடவை கைதட்டி, மலையே எதிரொலிக்கிற குரலில் ஒரு சத்தம் கொடுத்தாள். "ஹேய்... வர்றோம் வர்றோம்... ஒதுங்கிக்க!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மலையில் புலி நடமாட்டம் இருந்தால், வேலைக்கு இறங்கும் முன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இப்படித்தான் கைதட்டிச் சத்தம் கொடுப்பார்கள். நாங்கள் வருகிறோம், நீ ஒதுங்கிப் போ என்று அதற்கு முன்கூட்டியே ஓர் அறிவிப்பு. அதுவும் ஒதுங்கிவிடும். வருஷக்கணக்கான பழக்கம், கூண்டைக் கண்டால் நின்றுவிடுமா?

வளைவுக்கு அந்தப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உறைந்துபோனது. ஒரு புதுப் பெண் புருஷனைக் கட்டிக்கொண்டாள். சிறுத்தை மட்டும் மரக்கட்டையில் கால் நாலையும் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

காவலர் ஓடிவந்தார். நரைத்த மீசை, கையில் வாளி. மிருகங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். புஷ்பா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தேயிலை, புலி, சத்தம் என்று விளக்கினாள். அவருக்குப் புரியப் புரியச் சிரிப்பு வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

தர்ஷினி சிரிக்கவில்லை. கம்பியில் நெற்றியை வைத்துச் சிறுத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுதானா பெரியம்மா? நம்ம புலி ஒல்லியா இருந்துச்சே."

இங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அதனால் கொஞ்சம் சதை போட்டுவிட்டது என்றேன். என் உடம்பையே உதாரணம் காட்டியிருக்கலாம். அவள் நம்பவில்லை. அந்த மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். தப்ப வழியில்லை. இது எந்த ஊர்ப் புலி என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். இது இங்கேயே பிறந்தது, இதன் தாயும் இங்கேயே பிறந்தது, காட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நான் திரும்பி, முகம் மாறாமல் மொழிபெயர்த்தேன். "டயகமவிலருந்துதான் கொண்டு வந்தாங்களாம். மூணு மாசம் ஆச்சாம்."

புஷ்பா என் இடுப்பில் கிள்ளினாள். ஏன் கிள்ளுகிறாள் என்று விளங்குவதற்குள் தர்ஷினி காவலர் பக்கம் திரும்பிவிட்டாள். தண்ணீர் பட்ட பாடாகச் சிங்களம் பேசினாள். காலையில் லயத்துக்குப் பாண், அதாவது ரொட்டி, விற்க வரும் ஆட்டோக்காரரோடு ஒரு மணி நேரம் வாயடிக்கிற பிள்ளை, டீவியில் சிங்களக் கார்ட்டூன் ஒன்று விடாமல் பார்க்கிற பிள்ளை... இதையெல்லாம் நான் எப்படி மறந்தேன்? என் சிங்களத்தைவிட அவள் சிங்களம் பத்து மடங்கு சுத்தம்.

எங்கள் தோட்டத்திலிருந்து புலி எதுவும் இங்கே வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை, துவ, என்றார் அவர் — மகளே என்று. அடுத்து இன்னொன்று கேட்டாள். அம்மா இவ்வளவு சத்தம் போட்டும் இது ஏன் எழும்பவில்லை?

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து சொன்னார். இதற்கு மனிதச் சத்தம் பழகிவிட்டது. காட்டில் இருப்பது அப்படியில்லை, சத்தம் கேட்டாலே நம் கண்ணில் படாமல் விலகிப்போய்விடும். உன் அம்மா செய்வதுதான் சரி.

அவள் தலையாட்டிவிட்டுப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குப் பயம் போகட்டும்னுதான் அப்பிடிச் சொன்னேன் தங்கம்."

"எனக்குப் பயம் இல்லயே பெரியம்மா. நாங்க பன்னெண்டு பிள்ளைங்க ஒண்ணாத்தான் ஸ்கூலுக்குப் போறோம். அம்மாவுக்குத்தான் அஞ்சாம் நம்பர்ல கடைசி நிரை. காட்டு ஓரம்."



அந்த ஒரு வாரம் கல்லின் மேல் ஏறி அவள் பார்த்துக்கொண்டிருந்தது மலையை அல்ல, மலையில் நின்ற தாயை. காவல் இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போனால் யார் பார்ப்பது? நான் போய்ப் புலியைக் கொழும்புக்கு அனுப்பிவைத்ததும், இனி அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த நிம்மதியைத்தான் நான் மூன்று மாதமாக என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

புஷ்பா ஐஸ்கிரீமும் கையுமாக எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சத்தம் கொடுத்துவிட்டுத்தானே இறங்குகிறோம், இதற்கெல்லாம் பயப்படலாமா என்று மகளைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள்.

"காலையில மட்டும்தானே குடுக்குறீங்க" என்றாள் தர்ஷினி. "பகல் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து எறங்குறப்ப யாரும் குடுக்குறதில்ல. நான் கல்லு மேலருந்து பாத்தேன்."

புஷ்பா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். உண்மைதானாம். மத்தியானத்தில் அலுப்பு, யாருக்குத் தொண்டை இருக்கிறது என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஐஸ்கிரீம் அவள் கையில் உருகி வழிந்துகொண்டிருந்தது. கவின்தான் அதைக் காப்பாற்றினான்.

வெளியே வரும் வழியில் விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு அல்லவா? எது வேண்டுமானாலும் எடுங்கள் என்றேன். கவின் ஒரு ரப்பர் பாம்பு எடுத்தான். தர்ஷினி விசில் கேட்டாள். ஒன்றை ஊதினாள், வைத்துவிட்டாள். இன்னொன்றை ஊதினாள், அதையும் வைத்துவிட்டாள். ஆறாவதாக எடுத்த ஆரஞ்சு விசில், கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குக் கத்தியது. அதை வாங்கி, கயிற்றைப் பிரித்து, தாயைக் குனியச் சொல்லிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். புஷ்பா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் பொய்யே சொல்லாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சொல்வதற்கு முன்னால், "யாருக்காகப் பயப்படுற?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேற்று புஷ்பா ஃபோன் எடுத்தாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி முதல் நாள், என்ன புஷ்பம் ட்ராஃபிக் பொலிஸில் சேர்ந்துவிட்டாயா என்று கிண்டல் செய்தாராம். இப்போது காலையிலும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் அவரே, "ஊது புஷ்பம், ஊதிட்டு எறங்கலாம்" என்கிறாராம்.

ஒரே ஒரு பிரச்சினை. தர்ஷினியின் டீச்சர் ஆள் அனுப்பியிருக்கிறார். மணி அடித்த பிறகும் பிள்ளை வகுப்புக்குள் வராமல் கேட்டருகில் நின்று எதிர் மலையையே பார்க்கிறதாம். அங்கிருந்து விசில் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வருகிறதாம். பெரியவர்கள் யாராவது வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

நாளைக்கு நான்தான் போகிறேன். டீச்சரிடம் சொல்லப்போவது இதுதான்: காலையில் தோட்டத்து ஆட்களையெல்லாம் நிறுத்தித் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா ஆள் எண்ணுவாரே, பெரட்டு — அதைத்தான் இந்தப் பிள்ளையும் எடுக்கிறது, டீச்சர். அவளுடைய பெரட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். எண்ணிவிட்டு வரட்டும், விடுங்கள்.