பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றுக்கு ஒரு கணினி

கல்லூரி நோட்டின் நடுப்பக்கத்திலிருந்து கிழித்த ஒரு தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அளவுகோல் பிடித்து அதை மூன்று கட்டங்களாகப் பிரித்திருப்பேன். முதல் கட்டத்தின் தலையில் 'புது லேப்டாப்', இரண்டாவதில் 'அசெம்பிள் கம்ப்யூட்டர்', மூன்றாவதில் 'பழைய லேப்டாப்'. அவற்றுக்குக் கீழே விலை, வேகம், நினைவகம், கேமரா, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். ஓரத்தில் ஒரு வாழைத்தார் படம் இருக்கும். அது அப்பாவுக்காக வரைந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை, பெருமைதான் வரும். அப்பா விக்கிரமசிங்கபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவள். நான் தினமும் பஸ் ஏறி ஆழ்வார்குறிச்சிக்குப் போய்க் கணினி அறிவியல் படித்தேன். மூன்று வருடமும் கணினியைத் தொட்டது கல்லூரியில் மட்டும்தான். வீட்டில் செல்போன் இருந்தது, அவ்வளவுதான்.

படிப்பு முடிந்த மூன்றாம் மாதம் அந்த மின்னஞ்சல் வந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆள் எடுத்தது. முதல் இரண்டு சுற்றுகளைச் செல்போனிலேயே முடித்துத் தேறியிருந்தேன். மூன்றாவதுதான் கடைசித் தேர்வு. அதைச் சொந்தக் கணினியில், கேமராவைத் திறந்து வைத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. அன்று எழுத முடியாமல் போனால் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். கையில் பதினாறு நாள் இருந்தது, கணினி இல்லை.

அம்மாவுக்குக் கேமரா விஷயம்தான் புரியவில்லை.

"எதுக்குட்டி ஒன்னய உத்து உத்துப் பாக்காவ?"

"காப்பி அடிக்காம எழுதுதேனான்னு பாக்காவம்மா."

பீடிக் கடையில் சாயங்காலம் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியாகச் சுற்றாததைக் கழிவு என்று ஒதுக்கிப் போடுவார்கள். அம்மா அதோடு சேர்த்துப் புரிந்துகொண்டாள். "அப்ப கழிவு பாக்காவன்னு சொல்லு. கழிவுல போயிராத, ஆமா."

வீட்டில் இருந்தது அம்மா சீட்டுப் போட்டு எடுத்த முப்பதாயிரம். அடுப்படி ஓடு உடைந்து இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வைத்திருந்த பணம். "ஓடு கெடக்கட்டும்" என்று எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். ஓட்டையும் மாற்ற வேண்டும், கணினியும் வாங்க வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதற்காகத்தான் அந்தத் தாள். கடை கடையாகப் போனில் கேட்டு, இணையத்தில் தேடி, நான்கு நாளில் நிரப்பினேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அவருக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு சாமான் வாங்கியதில்லை. அதனால் தாளை விரித்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எப்பா, தோட்டத்துல வெட்டிப் போட்டுருக்க தாரெல்லாம் ஸ்டோரேஜ்னு வச்சுக்கோங்க. லாரிப் பக்கத்துல எறக்கி வைக்க எடம் இருக்கும்லா, அதான் ரேம். சுமக்குத ஆளுதான் பிராசசர்."

அப்பா வாழைத்தார் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எடம் நெறைய கெடந்து, ஆளு நோஞ்சானா இருந்தா?"

"அதான் இந்தப் புது லேப்டாப்பு. இருபத்தாறாயிரம். மினுமினுன்னு இருக்கும், ஆளு நோஞ்சான். நல்ல ஆளா வேணும்னா முப்பத்தெட்டு ஆயிரும்."

"ரெண்டாவது?"

"அது நல்ல ஆளு. இருபத்தெட்டாயிரம். ஆனா கரண்ட் போச்சுன்னா சுமைய அங்கனயே போட்டுட்டுப் போயிருவான். போகாம இருக்கணும்னா யூபிஎஸ் வாங்கணும். கேமராவும் தனி. எல்லாஞ் சேத்து முப்பத்திரண்டு."

"இது?"

"இது ஏதோ ஆபீசுல அஞ்சு வருசம் ஓடுனது. சுத்தம் பண்ணி விக்காவ. ஆளு நல்லாத் திடமா இருக்கான், வயசுதான் கொஞ்சம் கூட. பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு."

"வயசான ஆளுன்னு என்னயச் சொல்லுதியாக்கும்?" என்றார் அப்பா. அடுப்படியிலிருந்து அம்மா சிரித்த சத்தம் கேட்டது.

நானும் அப்பாவும் திருநெல்வேலிக்குப் போனோம். ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் இருந்தது கடை. மூன்று வகையும் அங்கே இருந்தன. நான் தாளை எடுப்பதற்குள் அப்பா புது லேப்டாப்பைத் தூக்கி ஒரு கையில் நிறுத்திப் பார்த்தார். பிறகு பழையதைத் தூக்கினார். பிறகு குனிந்து அசெம்பிள் கம்ப்யூட்டரின் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். கடைக்காரர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பைய! பைய!"

"முப்பது வருசமா தாரு தூக்குதேன் அண்ணாச்சி. தூக்கிப் பாத்தாச் சொல்லிருவேன். இந்தப் புதுசுல உள்ள ஒண்ணும் இல்ல. இதுலதான் சரக்கு இருக்கு. பெட்டி, டிவி, தட்டுதது, உருட்டுதது, நாலு உருப்படி தாரிய. அங்க ஒத்த உருப்படிக்கு இம்புட்டு வெலையா?"

கடைக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னார். "இதுல மட்டும் லேசா இருந்தாத்தான் வெலை கூட அண்ணாச்சி. என்ன செய்ய, தொழிலு அப்படி ஆயிப்போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "தாயி, நீ என்ன எழுதிக் கொண்டாந்திருக்க? காட்டு" என்றார். தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே 'இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தேன். இணையத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"இது புதுசா இருந்தப்ப நின்ன நேரம். இப்ப நிக்காது. எம்புட்டு நிக்கும்னு நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்லுதேன்னு நெனைப்ப. நீயே பாத்துக்கோ."

முழுதாக மின்னேற்றி வைத்திருந்த அந்தப் பழைய லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு இரண்டு ஸ்டூலைப் போட்டார். நான் கல்லூரியில் எழுதிய நிரல்களை ஓட்டிப் பார்த்தேன், கேமராவைத் திறந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. பின்னால் அப்பா முகமும் தெரிந்ததால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். டீ வந்தது. வேறு ஆட்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் திரை அணைந்தது.

'இரண்டு மணி நேரம்' என்பதை அடித்துவிட்டு 'நூறு நிமிடம்' என்று எழுதினேன். அதைத்தான் வாங்கினேன். தன் சரக்கின் குறையை விற்கும் முன்பே காட்டிய அந்த மனிதரை நினைக்காமல் நான் அந்தச் சந்து வழியாகப் போனதில்லை. மீதிப் பணத்தை அப்பா இடுப்பில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் ஊர் வரும் வரை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவர்தான். என்னிடம் தரவே இல்லை.

அம்மாவுக்குப் பழையது என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. "யாரு யாரு கை பட்டதோ. அஞ்சு வருசமா எத்தன பேரு ஏச்ச வாங்கிட்டு இருந்துச்சோ." உப்பும் மிளகாயும் எடுத்து அதை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் மூன்று பேரும் இருமினோம்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்பா வேலைக்குப் போகவில்லை. அவருடைய செல்போனில்தான் இணையம், அது ஜன்னல் கம்பியோரம் இருந்தால்தான் சிக்னல். நான் குளித்து, தலை சீவி, ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தேன். திரையின் மூலையில் என் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டத்தில் முகம் இல்லை. ஏதோ ஒரு கலங்கல் நிறம்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சத்தம் சரியாக வராததால் ஒலிபெருக்கியிலேயே பேசினேன். தேர்வை மேற்பார்க்கும் பெண் சென்னையிலிருந்து சொன்னார்: "மேம், உங்க முகம் தெரியல. கேமராவைப் பாருங்க. பத்து மணிக்குள்ள சரியாகலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அணைத்துத் திரும்பப் போட்டேன். அதில் நான்கு நிமிடம் போனது. மறுபடியும் அதே கலங்கல். அப்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: பழையதை வாங்கிவிட்டோம். ஓட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட என் கெட்டிக்காரத்தனத்தால் வேலை போகப் போகிறது. அந்தத் தாளில் கேமரா என்ற வரியில் நானே போட்ட சரி அடையாளம் கண்முன் வந்து நின்றது.

"கடைக்காரருக்குப் போன் போடட்டா?" என்று அப்பா ஜன்னலுக்குப் போனார்.

"எப்பா, அதத் தொடாதீங்க! அதுலதான் நெட்டு ஓடுது!"

அப்பா கையைச் சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன தெரியுது மேம்?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"எல்லாம் மஞ்சளா இருக்கு. நடுவுல சிவப்பா ஏதோ."

அடுப்படி வாசலில் பீடித்தட்டை மடியில் வைத்திருந்த அம்மாவின் கை நின்றது. "ஏட்டி, நடுவுல செவப்பாவா?" தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள். "நாந்தாண்டி. நீ குளிக்கப் போனப்ப வச்சேன். அதுக்கு நெத்தி அங்கனதான இருக்கு?"

திரைக்கு மேலே, கறுப்புச் சட்டத்தின் நட்டநடுவில், கேமராவின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பத்து நிமிடமாக அது என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. நான் பார்த்தும் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் மிக்சி, பீரோ, சைக்கிள், அப்பாவின் அரிவாள் என்று பொட்டு இல்லாத சாமான் கிடையாது. பொட்டை ஒரு பொருளாகவே என் கண் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா முந்தானையால் துடைத்தாள். சந்தனம் இன்னும் அகலமாகப் பரவியது. நான் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு, பைய, பொட்டுப் பொட்டாக எடுத்தேன். கட்டத்தில் முதலில் அம்மாவின் வயிறு தெரிந்தது, பிறகு என் முகம்.

"தெரியுது, தெரியுது" என்றார் மேற்பார்வைப் பெண். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "எங்க அம்மா என் ஸ்கூட்டி ஹெட்லைட்டுலயே வச்சிருக்காங்க. சரி மேம், ரெண்டு நிமிஷம் இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் அந்த ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் முதல் கேள்வியை நான் நிதானமாகப் படித்திருக்க மாட்டேன்.

தேர்வு இரண்டு மணி நேரம். நாற்பது நிமிடம் முடிந்தபோது மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. அப்பா வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். மீதி எண்பது நிமிடம். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் எண்ணியது நூறு. தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் காற்று வந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார், எனக்கில்லை, லேப்டாப்புக்கு.

"அந்த விசிறி யாரு மேம்?" என்று குரல் வந்தது.

"அப்பா. மெஷினுக்கு வீசுதாவ."

"கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க ப்ளீஸ்."

அப்பா மிகுந்த மரியாதையோடு எழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

கடைசிக் கேள்வியை அனுப்பியபோது பாட்டரியில் பதினேழு சதவீதம் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒன்பது நாள் கழித்து வந்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "கழிவுல போகலல்லா?" அடுத்த வாரமே மீதிப் பணத்தில் அடுப்படி ஓட்டை மாற்றினோம். ஐப்பசி மழையில் அம்மா பாத்திரம் எதுவும் ஏந்தி வைக்காமல் சமைத்தாள். உள்ளறையில் வேலை பார்த்தபடி மேலே விழும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஓடும் என் முன்னால் இருந்த கணினியும் ஒரே முப்பதாயிரத்தில் வந்தவை. அவ்வளவு நிறைவாக நான் அதற்கு முன் எந்த மழையையும் கேட்டதில்லை.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போனாலும், எந்தக் கணினி வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன வேலைக்கு, வீட்டில் கரண்ட் எப்படி, வேறு என்ன செலவு காத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். புதியது வாங்க இப்போது என்னால் முடியும். "வயசான ஆளு இன்னும் சுமக்கானா?" என்று அப்பா அவ்வப்போது கேட்பார். சுமக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் பக்கத்தில் நிற்பாள். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, கையைக் காற்றில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள்:

"ஏட்டி, இதுக்குக் கண்ணு எங்கன இருக்கு? காட்டு."

நான் காட்டுவேன். கண்ணை விட்டுவிட்டு, திரையின் முதுகுப் பக்கத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போவாள்.