கிளினிக் கொப்பியில் சரி போட்டது அம்மா இல்லை

உங்கள் வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை இருக்கிறதா? பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, சாப்பாடு வரும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டுகிற சொந்தக்காரர்களே, வீட்டுக்குப் போய் ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள். அனுதாபத்தை விட அது உதவும்.

அம்மா பிறந்தது ஈச்சிலம்பற்றில். சண்டையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்பாவைக் கட்டி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தார். ஓர் அரசாங்கக் கந்தோரின் கன்டீனில் பதினான்கு வருடம் சமைத்தார். கோபமே வராதவர் என்று மலர்களில் எழுதுவார்கள். அம்மாவுக்கு நல்ல கோபம் வரும். அகப்பையால் எனக்கு விழுந்திருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதில் தங்கச்சி பிறந்தாள். அழ மாட்டாள். விட்ட இடத்தில் கிடப்பாள். பெரியம்மா அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டா இப்பிடி இருக்கோணும். என்ட பேத்தி ஒண்டு இருக்குதே, ஊரைக் கூட்டுது."

அம்மாவுக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. "அந்தா காகம்" என்று விரல் நீட்டுவார். தங்கச்சி காகத்தைப் பார்க்க மாட்டாள், விரலைப் பார்ப்பாள். ஒன்றரை வயதிலும் எதையும் சுட்டிக் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துப் போத்தலில் கொண்டுபோய் வைப்பாள், முகத்தைப் பார்க்காமல்.

அப்பா சிரித்தார். "நானும் நாலு வயசிலதான் கதைச்சனானாம். இப்ப என்ட வாயை மூட ஏலுதோ உனக்கு?"

ஒன்றரை வயதுக் கிளினிக் நாள் காலையில் அம்மா கொப்பியோடு வந்தார். பிள்ளை என்னென்ன செய்கிறது என்று வீட்டில் சரி போட்டுக் கொண்டுபோக வேண்டிய பக்கம்.

"மகன், நீ படிச்ச பிள்ளை, நிரப்பித் தா. வெறுமையாக் கொண்டு போனா மிஸ்ஸி ஏசுவா."

"பேர் சொன்னாத் திரும்புறாளோ எண்டு கேட்டிருக்கு. சரி போடுறன்."

"இல்லை மகன். திரும்புறாளில்லை."

"ஹாபரில கப்பல் ஊதினாத் திரும்புறாள்தானே அம்மா. காது கேக்குது. பிறகென்ன?"

"கப்பலுக்குத் திரும்புறாள். எனக்குத் திரும்புறாளில்லை."

எனக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டேன். சுட்டிக் காட்டுவதற்கும், சொல் சொல்வதற்கும், எல்லாவற்றுக்கும். மூன்று நிமிடம் பிடிக்கவில்லை. கிளினிக்கில் அம்மா தன் சந்தேகத்தை வாய் திறந்து சொல்லியிருக்கிறார். தாதி மிஸ்ஸி அந்தப் பக்கத்தைக் காட்டி, "எல்லாம் சரியாத்தானே இருக்கு, வீணா யோசிக்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டரை வருடம் அப்படியே போனது. கன்டீனுக்குக் கருவாடு கொண்டுவரும் கிண்ணியா முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் நிலத்தில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த தங்கச்சியைக் கண்டார். "என்ட மகன்ட புள்ளையும் இப்பிடித்தான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். மறுநாளே போனோம். நானும் போனேன், கழுத்தில் கம்பஸ் மாணவர் அட்டையோடு.

டொக்டர் தங்கச்சியைப் பார்த்துவிட்டு ஓட்டிசம் என்றார். பிறகு கொப்பியைப் புரட்டினார். "ஒன்றரை வயசில எல்லாம் செய்தவ எண்டு இருக்கு. ஆர் நிரப்பினது?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான் டொக்டர். விளங்காமப் போட்டிட்டன்" என்றார் அம்மா.

"அப்பவே கொண்டந்திருந்தா எவ்வளவோ செய்திருக்கலாம்."

வரும் வழியில் அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பிறகும் இல்லை. ஆனால் கதை பரவியது. படிப்பில்லாத தாய், பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று கல்யாண வீடுகளில் கதைத்தீர்கள். செத்த வீட்டிலும் பந்தலுக்குள் இருந்து கதைத்தீர்கள், என் காதில் விழுந்தது. முதலில் கண்டது அம்மா. கண்டதை அழித்தது நான். இதை அம்மா உயிரோடு இருக்கும்போது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கச்சிக்குப் பேச்சுப் பயிற்சி செவ்வாய்க்கிழமைகளில். அம்மாவின் சுகர் கிளினிக்கும் அதே நாள். இரண்டு வருடமாக அம்மா ஒன்றுக்குத்தான் போனார், எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. காலில் புண் வந்தபோது கேட்டேன். "ஆறுது மகன்" என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆறவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் தங்கச்சி தண்ணீர்ப் போத்தலுக்கு விரல் நீட்டப் பழகினாள். அம்மாவிடம் மட்டும். இந்த முப்பது நாளில் ஒருதரமும் நீட்டவில்லை.

கிண்ணியா ராத்தாவுக்கு நன்றி. பயிற்சி மிஸ்ஸுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், எட்டு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. தங்கச்சிக்கு ஆறு வயது. அப்பா திரும்பவும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அடுத்த பயிற்சி வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. எனக்கு அன்றைக்குப் பரீட்சை.