மாமாவின் மூன்றாவது கண்

எங்கள் மாமாவுக்கு மூன்று கண்கள் இருந்தன. சிவனுக்கும் அத்தனைதான் என்றாலும், சிவனால் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. மாமாவின் முகத்தில் இரண்டுக்குத்தான் இடம் என்பதால் ஒன்று டப்பாவில் கிடந்தது.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு விசைத்தறி ஓட்டப் போய்க்கொண்டிருந்தார். தறியில் நாடா என்று ஒன்று உண்டு. பாவு நூலுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்துகொண்டே இருக்கும் மரக்கட்டை. முனைகளில் இரும்புக் கூர். ஒருநாள் அதற்கு அந்தக் கோடி சலித்துப்போய் மாமாவின் வலது கண்ணுக்கு வந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால் நடந்தது இது. எனக்குத் தெரிந்த மாமா ரெடிமேடு கண்ணோடுதான் இருந்தார்.

செயற்கைக் கண் என்றால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் அளந்துவிட்டிருந்தேன். நிஜத்தில் அது பின்பக்கம் குழிந்து முன்பக்கம் புடைத்த ஒரு சிப்பி. சின்னத் தேங்காய்ச் சில்லு போல இருக்கும். அதை வைத்துக் கோலி விளையாட முடியாது என்று தெரிந்ததும் என் மதிப்பு வகுப்பில் பாதியாகக் குறைந்தது.

அந்த ரெடிமேடு கண் கடைத் தட்டில் இருந்து பொறுக்கியது. மாமாவின் சொந்தக் கண் காப்பித்தூள் நிறம், இதுவோ கன்னங்கரேல். அளவும் சேரவில்லை. சொந்தக் கண் எதிரில் இருப்பவரைப் பார்த்தால் இது அவருக்குப் பக்கத்தில் இருப்பவரை முறைக்கும். டீக்கடையில் மாமா ஒரு டீ சொன்னால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம், அதுவரை அருமையாகப் பொருந்தியிருந்த ஜாதகங்கள் மாமாவை நேரில் பார்த்த பிறகு பொருந்தாமல் போயின.

அப்படி இருக்கும்போது கிணத்துக்கடவில் ஒரு தோப்புக்கார வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. ஒரு கண் செட்டுக் கண் என்பதைத் தரகர் சொல்லிவிட்டிருந்தார். பரவாயில்லை, வந்து பார்க்கட்டும் என்றார்களாம். மாமா அம்மாவிடம் சொன்னார், "இதுதானுங்க்கா கடைசி. இதும் தட்டிப்போச்சுன்னா இனி என்னைய எந்த ஊட்டுக்கும் தட்டத்தோட கூட்டிட்டுப் போகாதீங்க." சொன்னபோது சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த நாளே எங்கெங்கோ விசாரித்து, அளவெடுத்துக் கண் செய்து தருகிறவர் ஒருவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

பாய் என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். கீழ்த்தளத்தில் பல்செட்டு, மாடியில் கண். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். "ரெண்டுக்கும் ஒரே பவுடர்தானுங்க. கீழ பண்ணுனா கடிக்கும், மேல பண்ணுனா முழிக்கும்" என்றார். முன்பெல்லாம் கண்ணாடியில்தான் செய்தார்களாம். கீழே விழுந்தால் தீர்ந்தது. இது பிளாஸ்டிக் மாதிரி ஒரு சரக்கு. விழுந்தால் எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்ளலாம். முதல் நாள் ரோஸ் நிற மாவு ஒன்றைக் குழைத்துக் கண்குழிக்குள் விட்டு அச்செடுத்தார். அதை வைத்து மெழுகில் ஒரு கண் வார்த்து, இமை சரியாக உட்காரும்வரை சுரண்டிச் சுரண்டி மாட்டிப் பார்த்தார். கண்ணைத் திருப்பினால் இதுவும் கூடவே திரும்புமா என்று அம்மா கேட்டார்.

"பாதி தூரம் வருமுங்க. முழுசா வரோணும்னா மொதல்ல குடுத்தவன்கிட்டத்தான் கேக்கோணும்" என்று பாய் மேலே கையைக் காட்டினார்.

வர்ணம் தீட்ட சனிக்கிழமை வரச் சொன்னார். அன்று சாயங்காலமே கண் கைக்கு வந்துவிடும். ராத்திரி அவர் பாலக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிணத்துக்கடவு. எல்லாம் தறியில் நூல் கோத்த மாதிரி வரிசையாக அமைந்துவிட்டது என்று மாமா சந்தோஷப்பட்டார். நூல் எங்கே அறும் என்று தறிக்காரருக்கே தெரியவில்லை.

அறுத்தது எண்ணெய்க் குளியல்.

கோயிலில் சிலைக்கு எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதற்கு ஊரே தலை முழுகி வந்து நிற்கும். பாய் வர்ணம் தீட்டப்போவதும் அம்மாவின் கணக்கில் அதே கண் திறப்புதான். அதனால் சனிக்கிழமை விடிந்ததும் மாமாவைக் கொல்லைப்புறக் கல்லில் உட்கார வைத்துத் தலையிலிருந்து எண்ணெய் வழிய வழியத் தேய்த்தார். பிறகு அரப்பு. எங்கள் பக்கத்தில் சீயக்காயைவிட அரப்புத்தான். இலையை அரைத்த பச்சைத் தூள். எண்ணெய்க்கு எமன், கண்ணுக்கு அதைவிடப் பெரிய எமன்.

"நல்ல கண்ண மூடிப் புடிச்சுக்கடா. எடது கண்ணு" என்று அம்மா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

நான் மாமாவுக்கு எதிரில் நின்றேன். என் இடது பக்கம் இருந்த கண்ணை இரண்டு கையாலும் பொத்தினேன். எதிரில் நிற்பவருக்கு இடதும் வலதும் மாறும் என்பது அப்போது என் பாடத்திட்டத்தில் வரவில்லை. எண்ணெய் வடியும் இரண்டு இமைகளும் மூடியிருந்தால், எது ஆள் இருக்கும் வீடு, எது காலி வீடு என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது. காலி வீட்டுக்கு அப்படி ஒரு காவல் உலகத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அம்மா கரைத்த அரப்பை ஒரு கை அள்ளித் தலையில் அப்பினார்.

"டேய், அது காலி ஊடுடா! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று மாமா கத்தினார். சும்மா கத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எந்தப் பக்கம் என்று எனக்குக் காட்டுவதற்காக அந்தக் கண்ணைத் திறந்து கத்தினார்.

கோட்டைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண் பழுத்த மிளகாயாக இருந்தது. பாய் மாமாவைச் சன்னலோரம் உட்கார வைத்தார். டியூப் லைட்டில் தீட்டிய கண் டியூப் லைட்டில்தான் சரியாக இருக்குமாம். வெயில் வெளிச்சம்தான் வேண்டும். சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு வட்டம் ஒன்றில், நாலைந்து மயிர் மட்டுமே இருந்த தூரிகையால் காப்பித்தூள் நிறம், கொஞ்சம் மஞ்சள், விளிம்பில் ஒரு பச்சை நிழல் என்று நடுவிலிருந்து வெளியே கோடு கோடாக இழுத்தார். இழுக்க இழுக்க வட்டத்துக்குள் மாமா வந்துகொண்டே இருந்தார். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அது என்னைப் பார்த்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

பிறகு வெள்ளைவிழி. சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து, காற்றில் பறக்கும் அளவுக்கு மெலிதாக்கி, நரம்பு மாதிரி வெள்ளையின் மேல் ஒட்டுவார்களாம். அதற்காக மாமாவின் இடது கண்ணை உற்றுப் பார்த்த பாய் கையை நிறுத்தினார்.

"ஏனுங்க, உங்குளுக்கு எப்பவும் இத்தன செவப்புத்தானுங்களா? இல்லீன்னா தெளிஞ்சப்பறம் இன்னொரு நாளைக்கு ஒட்டிக்கலாமுங்க."

இன்னொரு நாள் என்றால் பாய் பாலக்காட்டில், நாங்கள் ரெடிமேடு கண்ணோடு கிணத்துக்கடவில். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எப்பவுமேதானுங்க. தறிக்காரன் கண்ணுங்க, பஞ்சுத் தூசி" என்றார். நான் வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதித்தார். பாய் நம்பிவிட்டார். தாராளமாக நூல் ஒட்டினார். அது எத்தனாம் நம்பர் நூல் என்று மாமா தொழில்முறையில் விசாரித்தார். உங்கள் தறி நூலை வைத்தால் கண்ணில் கயிற்றுக் கட்டில் பின்னின மாதிரி இருக்கும் என்றார் பாய். மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு பூசி, இட்லிப்பானை போன்ற ஒன்றில் வேக வைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு மாட்டினார். இரண்டு கண்ணும் அச்சாக ஒன்றுபோல, செக்கச்செவேலென்று இருந்தன. அம்மா அங்கேயே திருஷ்டி கழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் சொந்தக் கண் தெளிந்துவிட்டது. பால் வெள்ளை. பாய் செய்த கண், மாமா பாயிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே சிவந்திருந்தது.

"ஒத்தக் கண்ணுல மட்டும் குடிச்சாட்ட இருக்குதே சாமி!" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாமா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். புதுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். அந்த வீட்டில் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால் போதும்தானே, இன்னொரு தடவை அரப்புப் போட்டால் என்ன என்று கேட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டு யோசித்தார். யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு சிட்டிகை அரப்பைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் வைத்து அந்தக் காரியம் நடந்தது. அப்பா இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் தென்னைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இமையை விரித்துப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. இந்தத் தடவை சரியான கண்ணைத்தான் பிடித்தேன்.

பெண் வீட்டில் போண்டா கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா மாமாவை உட்கார வைத்துப் பார்த்தார். இரண்டும் சிவப்பு. அதில் இடது கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். அவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பளைக்குப் பழக்கம் கிழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"டீ மட்டுந்தானுங்க" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"டீக்கு இத்தன செவக்காதுங்களே."

மாமா எழுந்திருப்பதற்குத் தயாராக வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எழுந்தால் முடிந்தது என்பது எனக்கே தெரிந்தது. "அது அரப்புங்க!" என்று கத்திவிட்டேன். அதோடு நிறுத்தத் தெரியாமல் காலி வீடு, பாய், பட்டு நூல், பெட்டிக்கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா கிள்ளியது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. அடக்க அடக்க அதிகமாகும் சிரிப்பு. சற்று நேரத்தில் காப்பித் தட்டுக்குப் பதிலாக ஒரு சொம்புத் தண்ணீரோடு பெண் வெளியே வந்தார்.

"மொதல்ல கண்ணக் கழுவிக்கச் சொல்லுங்க" என்று மாமாவிடம் சொம்பை நீட்டினார். கழுவியும் இடது கண் நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

"நல்லாப் பாத்துக்க அம்மணி. எது செட்டுக் கண்ணுன்னு தெரியுதா?" என்றார் பெண்ணின் அப்பா.

பெண் நிதானமாக இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தண்ணீர் வழிந்துகொண்டிருந்த இடது கண்ணைக் காட்டி, "இதுதானுங்க புதுக் கண்ணு? அப்படியே அசல் கண்ணாட்டவே இருக்குதுங்க" என்றார்.

மாமா சிரித்தார். எந்தப் பெண் பார்க்கும் வீட்டிலும் அவர் பல் தெரியச் சிரித்ததில்லை. "செரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார். ஆமாம், அந்தச் சொல்லோடு அவர் எனக்கு அத்தை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் ஜெயித்துவிட்டார்! அத்தை ஏமாந்துவிட்டார்! கல்யாணப் பந்தலில் பந்திக்குப் பந்தி போய் இதைச் சொன்னேன். பிறகு பாய் அந்தக் கண்ணின் மேல்பூச்சைச் சீவி நூலைக் குறைத்துக் கொடுத்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் தொந்தி குலுங்கச் சிரித்து எனக்கு ஒரு பல்செட்டுப் பல்லைப் பரிசாகக் கொடுத்தார். கல்லூரியில் சொன்னேன், வேலைக்குப் போன இடத்தில் சொன்னேன். கடைசியாக என் கல்யாணம் முடிந்து அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போன அன்று, அத்தையையும் மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் மனைவிக்கு நடித்துக் காட்டினேன்.

அவள் ரசத்தைப் பிசைந்தபடி கேட்டாள், "அரப்பு எந்தக் கண்ணுலங்க போட்டீங்க?"

"எடது கண்ணுல."

"அத அங்க எல்லாத்துகிட்டயும் சொல்லீட்டீங்க?"

"ஆமா."

"தண்ணி எந்தக் கண்ணுல வந்துச்சு?"

"எடது..." என்று சொல்ல வந்தவன் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

என் மனைவி இலையைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்து, "நீ சாப்புடு கண்ணு. நான் ஏமாந்துதான் போயிட்டேன்" என்றார்.

மாமா கூச்சப்பட்டுக்கொண்டு வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினார். சொந்தக் கண் வாசல்வரை போய்விட்டது. பாய் செய்த கண் பாதி தூரம் போய், அத்தையின் மேல் நின்றுகொண்டது.